பாட்டி பிறந்த ஊர்



உங்கள் அப்பாவைப் பெற்ற தாத்தாவின் பெயர் உங்களுக்குத் தெரியும். அவருடைய அப்பா பெயரும் அநேகமாகத் தெரிந்திருக்கும். பட்டாவோ பத்திரமோ திதி நாளில் கேட்கப்படும் கேள்வியோ, ஏதோ ஒன்று அதைக் காப்பாற்றி வைத்திருக்கும். இப்போது அம்மாவைப் பெற்ற பாட்டியின் அம்மா பெயரைச் சொல்லிப் பாருங்கள். அவர் எந்த ஊரில் பிறந்தார்? அவரைப் பெற்றவர்கள் யார்? இந்த இதழ் தயாராகிக்கொண்டிருந்த நாட்களில் அலுவலகத்தில் எல்லோரிடமும் இதைக் கேட்டுப் பார்த்தேன். ஒருவருக்கு ஊர் தெரிந்தது, பெயர் தெரியவில்லை. இன்னொருவர் உடனே அம்மாவுக்குப் போன் போட்டார். அம்மாவுக்கும் ‘பெரிய அம்மாயி’ என்பதைத் தாண்டி ஒன்றும் தெரியவில்லை.

என்னை இப்படிக் கேட்க வைத்தது டர்பனிலிருந்து வந்த ஒரு கடிதம். தென்னாப்பிரிக்காவில் தலைமுறை தலைமுறையாக வாழும் குடும்பத்துப் பெண் அவர். தமிழ் பேசினால் கொஞ்சம் புரியும், படிக்கத் தெரியாது. கடிதத்தோடு ஒரு பழைய கப்பல் பட்டியலின் பக்கத்தை நகலெடுத்து அனுப்பியிருந்தார். நடுவில் ஒரு வரியின் கீழே பென்சில் கோடு. அவருடைய பூட்டியின் வரி அது. முதலில் ஓர் எண். பிறகு பெயர், தகப்பன் பெயர், வயது, உயரம், சாதி. அடுத்து ஜில்லா, தாலுகா, கிராமம். கடைசிக்கு முந்தைய கட்டத்தில் அங்க அடையாளம்: இடது முழங்காலுக்குக் கீழே தழும்பு, வலது முன்கையில் பச்சை. கடைசியில் எந்தக் கரும்புத் தோட்டத்துக்கு அனுப்பப்பட்டார் என்ற விவரம். பூட்டியின் முழங்கால் தழும்பு வரை தெரிந்த ஒருவர், அந்தத் தழும்பு எந்த ஊர்த் தெருவில் விழுந்து வாங்கியது என்று நம்மிடம் கேட்கிறார்.

நமக்கு நம் பூட்டியின் பெயரே தெரியவில்லை. கடல் தாண்டிப் போன ஏழைப் பெண்ணுக்கு ஒரு முழு வரி இருக்கிறது. ஊரிலேயே இருந்த பெண்ணுக்கு ஒன்றுமில்லை. இந்த வித்தியாசம் என்னை விடவேயில்லை. அதனால்தான் இந்த மாதம் குடும்ப வரலாறு தேடுவதைப் பற்றியே உங்களோடு பேச வேண்டும் என்று தோன்றியது.

சென்னைத் துறைமுகத்திலிருந்து புறப்பட்ட ட்ரூரோ என்ற கப்பல் 1860 நவம்பர் 16 அன்று டர்பனில் கரை சேர்ந்தது. நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போன முதல் கூட்டம் அதில் இருந்தது. 1911-இல் இந்த ஆள் ஏற்றுமதி நிறுத்தப்படும் வரை மொத்தம் 1,52,184 பேர் அங்கே போய் இறங்கினார்கள். அவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் சென்னை வழியாகப் போனவர்கள். மற்றவர்கள் கல்கத்தா வழியாகப் போனவர்கள். ஒவ்வொருவருக்கும் காலனி அரசு ஓர் எண் கொடுத்தது. சம்பளம், விடுப்புச் சீட்டு, கல்யாணப் பதிவு, புகார் மனு, மரணம் எல்லாவற்றிலும் அந்த எண் வரும். இவ்வளவு அக்கறையாக எழுதி வைத்தது அன்பினால் அல்ல. தோட்டத்தை விட்டு ஓடிப்போனால் பிடிக்க வேண்டும், ஐந்து வருஷ ஒப்பந்தத்தை முழுசாக வாங்க வேண்டும். தழும்பையும் பச்சையையும் குறித்து வைத்ததன் காரணம் அதுதான். ஆனால் அந்தக் கொடுமையான கணக்கெழுத்து இன்று அவர்களுடைய பேரப்பிள்ளைகளின் கையில் வேறொரு பொருளாகிவிட்டது. எண் தெரிந்தால் போதும், பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஆவணக் காப்பகத்தில் இருக்கும் இந்தியக் குடியேற்றத் துறைக் கோப்புகளில் அந்த ஆளைத் தொடர்ந்து போகலாம்.

அந்தப் பட்டியல்களில் பெண்களின் வரிகளைத்தான் நான் திரும்பத் திரும்பப் படித்தேன். கப்பலில் ஆண்களின் எண்ணிக்கைக்கு ஏற்ப இத்தனை பெண்களாவது இருக்க வேண்டும் என்று சட்டம் வற்புறுத்தியது. அதனால் கைம்பெண்களும், புருஷன் விட்டுப் போனவர்களும், பஞ்சத்தில் வீட்டை இழந்தவர்களும் தனியாகவே கப்பலேறினார்கள். தாது வருஷப் பஞ்சம் என்று நம் பாட்டிமார்கள் சொன்னார்களே, அந்த 1876–78 பஞ்சத்தில் சேலத்திலும் ஆற்காடுகளிலும் கிராமம் கிராமமாக வற்றிப்போனதை நினைத்துப் பாருங்கள். கப்பலேற்றும் முன் ஆட்களைத் தங்கவைத்த டிப்போவில் குமாஸ்தா முன்னால் வந்து நின்ற பெண்ணிடம் புருஷன் பெயரோடு நிறுத்தவில்லை. தகப்பன் பெயரையும் பிறந்த கிராமத்தையும் கேட்டு எழுதினான். அவளுக்கென்று தனி எண், தனி வரி. அதே பெண் ஊரிலேயே இருந்திருந்தால்? நிலம் கிடையாது, ஆகவே பட்டா கிடையாது. எழுத்து கிடையாது, ஆகவே கையெழுத்து கிடையாது. செத்தால் கிராம முன்சீப்பின் நோட்டில் ‘இன்னான் பெண்சாதி’ என்று ஒரு வரி விழுந்தால் அதிகம்.

மொரீஷியஸ் இன்னும் ஒரு படி மேலே போனது. 1834 தொடங்கி அந்தத் தீவுக்குப் போன இந்தியக் கூலிகள் சுமார் நாலரை லட்சம் பேர். போர்ட் லூயிஸில் அவர்கள் இறங்கிய ஆப்ரவாசி கட் படித்துறையை யுனெஸ்கோ 2006-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் அவர்களுடைய பதிவேடுகள் இருக்கின்றன. 1860-களிலிருந்து புகைப்படமும் எடுத்திருக்கிறார்கள். நம் ஊர்ப்பக்கம் ஜமீன்தார்களுக்குக்கூடப் புகைப்படம் அபூர்வமாக இருந்த காலம் அது. ஒரு கூலிப் பெண் காமிராவை நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறாள். அவளுடைய கொள்ளுப்பேத்தியின் மகள் அந்த முகத்தில் தன் மூக்கைத் தேடுகிறாள்.

இலங்கைக்கும் மலாயாவுக்கும் போனவர்களுக்கு இப்படி ஆளுக்கொரு வரி கிடைப்பது அரிது. அவர்களைக் கங்காணிகள் திரட்டிக்கொண்டு போனார்கள். கடனும் துண்டுச் சீட்டும் கங்காணியின் கணக்கில்தான் இருந்தன. மன்னாரில் இறங்கிக் காட்டு வழியே மலைநாட்டுக்கு நடந்து, வழியிலேயே காலராவில் விழுந்தவர்களுக்குப் பெயர்ப் பட்டியல் ஏது? அந்தக் காகிதமின்மை பிறகு உயிரை எடுத்தது. 1948-ஆம் ஆண்டு இலங்கைக் குடியுரிமைச் சட்டம், தகப்பன் இலங்கையில் பிறந்தவர் என்றோ, பாட்டனும் பூட்டனும் இலங்கையில் பிறந்தவர்கள் என்றோ நிரூபிக்கச் சொன்னது. தோட்டத்து லயத்தில் பிறந்த பிள்ளைக்குப் பிறப்புச் சான்று யார் எடுத்து வைத்தார்கள்? லட்சக்கணக்கான மலையகத் தமிழர்கள் ஒரே சட்டத்தில் நாடற்றவர்களாகிப் போனார்கள். இந்தியாவும் இலங்கையும் 1964-இல் செய்துகொண்ட ஒப்பந்தத்துக்குப் பின் தமிழ்நாட்டுக்கு அனுப்பப்பட்டவர்களிடம் ‘உங்கள் சொந்த ஊர் எது’ என்று கேட்கப்பட்டபோது, தாத்தா எப்போதோ சொன்ன ஓர் ஊர்ப் பெயர்தான் அவர்கள் கையில் இருந்தது. குடும்ப வரலாறு என்பது வசதியுள்ளவர்களின் பொழுதுபோக்கு என்று யாராவது சொன்னால் எனக்கு இந்தச் சட்டம்தான் ஞாபகம் வருகிறது.

இனி நம் பக்கம் வருவோம். ஊரிலேயே இருந்துவிட்ட குடும்பங்கள் எங்கே தேடுவது?

சென்னை எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம் இருக்கிறது. 1909-இல் எழுந்த அந்தச் செங்கல் கட்டடத்தைக் கடந்து தினமும் ஆயிரக்கணக்கானவர்கள் ரயிலேறப் போகிறோம். கும்பினி காலத்திலிருந்து வந்த வருவாய்த்துறைப் பதிவுகள் அங்கே அடுக்கடுக்காக இருக்கின்றன. குடும்பம் தேடுகிறவர்களுக்கு அதில் மிகவும் பயன்படக்கூடியவை இனாம் பதிவேடுகள். 1858-இல் அமைக்கப்பட்ட இனாம் கமிஷன், மானிய நிலம் அனுபவித்தவர்களையெல்லாம் ஊர் ஊராக விசாரித்து எழுதியது. முதலில் மானியம் பெற்றவர் யார், இப்போது அனுபவிப்பவர் யார், அவர் வயது என்ன, முன்னவருக்கு இவர் என்ன உறவு, வாரிசுகள் யார் யார் என்று கட்டம் கட்டமாக இருக்கும். கோயில், மடம், அக்ரகாரம் சார்ந்த குடும்பங்கள் மட்டும் இதில் இருப்பதாக நினைக்க வேண்டாம். ஊர் ஊழியத்துக்கு மானியம் பெற்றவர்களும் உண்டு. கோயில் ஊழியத்துக்காகத் தேவதாசிகளுக்கு விடப்பட்ட நிலங்களும் உண்டு. அங்கே மட்டும் வாரிசு வரிசை பெண்ணிலிருந்து பெண்ணுக்குப் போகும்.

பழைய ஆவணங்களைப் படிக்கும்போது இரண்டு ஆண்டுக் கணக்கைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். வருவாய்க் கணக்கில் இருப்பது பசலி ஆண்டு. அதோடு 590-ஐக் கூட்டினால் ஆங்கில ஆண்டு வரும். ஜூலையில் தொடங்கும். பசலி 1286 என்று இருந்தால் 1876 ஜூலை முதல் மறு வருஷம் ஜூன் வரை, அதாவது பஞ்சத்தின் நடுவில். ஜாதக நோட்டில் இருப்பது தமிழ் வருஷம். அது 60 ஆண்டுக்கு ஒரு முறை திரும்பி வரும். தாது என்றால் 1876-ஆகவும் இருக்கலாம், 1936-ஆகவும் இருக்கலாம். எது என்று முடிவு செய்ய அந்த வீட்டில் அடுத்தடுத்துப் பிறந்தவர்களின் வருஷத்தையும் பார்த்தாக வேண்டும்.

பெரும்பாலான வீடுகளுக்கு எழும்பூர் வரை போகத் தேவையில்லை. பீரோவில் இருக்கும் தாய்ப்பத்திரமே போதும். ராஜா தலை போட்ட முத்திரைத்தாளில், ‘இன்ன ஜில்லா இன்ன சப் ஜில்லா இன்ன கிராமத்திலிருக்கும் இன்னார் குமாரர் இன்னாருக்கு, மேற்படி கிராமம் இன்னார் குமாரர் இன்னார் எழுதிக்கொடுத்த சுத்தக் கிரய சாசனம்’ என்று ஆரம்பிக்கும். வாங்கினவர் விற்றவர் பெயரோடு நிறுத்திவிடாதீர்கள். சொத்து விவரத்தில் செக்குபந்தி எழுதியிருப்பார்கள் அல்லவா, இதற்குக் கிழக்கே இன்னார் நஞ்சை, வடக்கே இன்னார் பங்கு என்று, அதைப் பாருங்கள். அண்ணன் தம்பிகள் பாகம் பிரித்துக்கொண்டால் அடுத்தடுத்த துண்டுதான் கிடைக்கும். அதனால் ஒருவரின் வரப்புக்கு அந்தப் பக்கம் இருப்பவர் பெரும்பாலும் அவருடைய பங்காளி. சாட்சிக் கையெழுத்துப் போட்டவர்களில் ஒருவர் மைத்துனராகவோ மாமனாராகவோ இருப்பார். பழைய பத்திரம் கையில் இல்லையென்றால் சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்றுக்கு மனு போடலாம். இணையத்தில் கிடைப்பது அண்மைக் காலத்துப் பதிவுகள்தான். அதற்கு முந்தையதை அலுவலகத்தில் கட்டணம் கட்டித் தேடச் சொல்ல வேண்டும்.

எங்கள் குடும்பத்தில் ஒரு பாகப்பிரிவினைப் பத்திரம் இருக்கிறது. மூன்று சகோதரர்கள். கிணற்றில் யாருக்கு எந்த நாள் முறை, புளியமரத்தில் எத்தனை பங்கு, மாட்டுக்கொட்டகை யாருக்கு என்று பல பக்கம். அவர்களுடைய தாயாருக்கு வருஷத்துக்கு இத்தனை மூட்டை நெல் ஜீவனாம்சம் என்று ஒரு பத்தி, அதில் அவர் பெயர் இருக்கிறது. அந்த வீட்டில் பிறந்த பெண் பிள்ளைகளைப் பற்றி ஓர் எழுத்தும் இல்லை. படிக்கிறவர்கள் அந்த வீட்டில் பெண்ணே பிறக்கவில்லை என்றுதான் நினைப்பார்கள். அன்றைய சட்டத்தில் பூர்வீகச் சொத்தில் மகளுக்குப் பங்கில்லை, பங்கில்லாதவரைப் பத்திரத்தில் சேர்க்க வேண்டியதில்லை. தமிழ்நாடு 1989-இல் அந்தச் சட்டத்தைத் திருத்தியது, இந்தியா முழுமைக்கும் 2005-இல் வந்தது. அதற்கு முந்தைய பத்திரங்களை வைத்து மட்டும் குடும்ப மரம் வரைந்தால் அதில் பாதிக் கிளைகள் இருக்காது.

அந்தப் பாதியை வீட்டுக்குள்தான் தேட வேண்டும். மொய் நோட்டை எடுங்கள். கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் கோடு போட்ட நோட்டில், மஞ்சள் பிள்ளையார் சுழியிட்டு, ஊர், பெயர், தொகை என்று எழுதியிருப்பார்கள். முதல் பெயர் தாய்மாமன். அவர் ஊர் எதுவோ அதுதான் அம்மா பிறந்த ஊர். பாட்டியின் கல்யாணத்து மொய் நோட்டு கிடைத்துவிட்டால் பாட்டியின் அம்மா பிறந்த ஊர் வரை ஒரே நோட்டில் போய்விடலாம். நான் பார்த்த ஆவணங்களிலேயே பெண் வழியை இவ்வளவு ஒழுங்காக எழுதி வைத்த ஆவணம் வேறில்லை. அப்புறம் பாத்திரம். பரணில் கிடக்கும் பித்தளைத் தவலையின் கழுத்தைத் துடைத்துப் பாருங்கள். சீர் கொடுத்தபோது வெட்டிய பெயர் புள்ளி புள்ளியாகத் தெரியும், சில சமயம் ஊரும் தேதியும்கூட. எடைக்குப் போடும் முன்பாவது அதைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பழைய கல்யாணப் பத்திரிகை, கருமாதிப் பத்திரிகை, ரேஷன் கார்டு, பள்ளிக்கூட மாற்றுச் சான்றிதழ் எல்லாமே ஆவணம்தான்.

கிறிஸ்தவக் குடும்பங்களுக்குக் கோயில் பதிவேடு பெரிய துணை. ஞானஸ்நானப் பதிவில் தாயின் பெயர் இருக்கும், ஞானத்தாய் தகப்பன் பெயரும் இருக்கும். புதுச்சேரி, காரைக்கால் குடும்பங்களுக்குப் பிரெஞ்சு அரசின் பிறப்பு, திருமண, இறப்புப் பதிவுகள் உண்டு. அவற்றில் பழையவை தென் பிரான்சின் எக்ஸ்-ஆன்-ப்ரோவான்ஸ் காப்பகத்திலிருந்து இணையத்திலேயே படிக்கக் கிடைக்கின்றன. ரீயூனியன், குவாதலூப், மார்த்தினிக் தீவுகளுக்குப் போனவர்களின் வாரிசுகள் இன்று அந்த வழியாகத்தான் காரைக்கால் வருகிறார்கள். யாழ்ப்பாணத்து வாசகர்களுக்கு நான் என்ன சொல்ல? காணி உறுதியை நெஞ்சில் கட்டிக்கொண்டு இடம்பெயர்ந்தவர்கள் நீங்கள். 1981-இல் பொது நூலகத்தோடு ஏடுகள் எரிந்த நகரத்தில் எஞ்சிய ஒவ்வொரு காகிதத்தின் அருமையும் எங்களைவிட உங்களுக்குத் தெரியும்.

டர்பன் பெண்ணின் கடிதத்துக்கு வருகிறேன். அவர் கேட்ட ஊரைக் கண்டுபிடிக்க முதல் தடை எழுத்து. தமிழில் சொன்ன ஊரைக் குமாஸ்தா காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதினான். வந்தவாசி அவன் கணக்கில் வாண்டிவாஷ். தாலுகாப் பெயர்களாவது பழகியவை, குக்கிராமப் பெயர் எப்படி வேண்டுமானாலும் உருமாறியிருக்கும். இரண்டாவது தடை எல்லை. பூட்டியின் வரியில் இருக்கும் அன்றைய வட ஆற்காடு ஜில்லா என்பது இன்றைய வேலூர், ராணிப்பேட்டையோடு திருப்பத்தூர், திருவண்ணாமலை மாவட்டங்களின் சில பகுதிகளும் சேர்ந்தது. சித்தூரும் அதற்குள்தான், அது இப்போது ஆந்திரத்தில் இருக்கிறது. மூன்றாவது, ஒரே பெயரில் ஒரு தாலுகாவில் மூன்று நான்கு ஊர் இருப்பது நமக்கு அதிசயமில்லை. இவற்றைப் பிரித்தறிய அந்த மண்ணில் இருப்பவர்களால்தான் முடியும். ஆகவே அவருக்கு எழுதிய பதிலில் ஒரு கேள்வி கேட்டிருந்தேன்: வீட்டில் எந்தச் சாமியைக் கும்பிடுகிறீர்கள்? தாத்தா பெயர் மறந்த குடும்பங்கள்கூடக் குலதெய்வத்தின் பெயரை மறப்பதில்லை. ஒரே பெயருள்ள ஊர்களில் எந்த ஊரில் அந்தச் சாமிக்குக் கோயில் இருக்கிறதோ அங்கே முதலில் போய் விசாரிக்கலாம். கோயில் பங்காளிகள் வரி போட்டுக் கும்பாபிஷேகம் செய்திருந்தால் வரி நோட்டு இருக்கும். அதில் குடும்பம் குடும்பமாகப் பெயர் இருக்கும்.

மரபணுச் சோதனையைப் பற்றி நிறையப் பேர் கேட்கிறீர்கள். குழாயில் எச்சிலைப் பிடித்து அனுப்பினால் சில வாரங்களில் முடிவு வருகிறது. அதில் இரண்டு சமாச்சாரம் இருக்கும். ஒன்று, நீங்கள் எந்தப் பகுதியைச் சேர்ந்தவர் என்ற சதவிகிதம். தென்னிந்தியா, இலங்கை என்று வரும். அது உங்களுக்கு முன்பே தெரியும், அதற்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை. நிறுவனம் தன்னிடமுள்ள ஒப்பீட்டு மாதிரிகளை மாற்றினால் அந்தச் சதவிகிதமும் மாறிவிடும். இரண்டாவதுதான் உண்மையான பயன்: அதே நிறுவனத்தில் சோதனை செய்துகொண்டவர்களில் உங்களோடு மரபணுத் துண்டுகளைப் பகிர்ந்துகொள்பவர்களின் பட்டியல்.

இந்தப் பட்டியல் ஐரோப்பியக் குடும்பங்களை வைத்துக் கணக்கிடப்பட்டது என்பதை நாம் மனதில் வைக்க வேண்டும். நம் வீடுகளில் மாமன் மகளையும் அத்தை மகனையும் கட்டுவது நெடுங்கால வழக்கம். அக்கா மகளைக் கட்டிய தாய்மாமனுக்குப் பிறந்த பிள்ளையை எடுத்துக்கொள்ளுங்கள். அப்பாவைப் பெற்ற தாத்தாவே அம்மாவுக்கும் தாத்தா. ஒரே ஆள் பிள்ளைக்குப் பாட்டனும் ஆகிறார், பூட்டனும் ஆகிறார். அவருடைய மரபணு இரண்டு வழியாக இறங்குகிறது. கணினிக்கு இது தெரியாது. பகிர்வு அதிகமாக இருப்பதைப் பார்த்து, தூரத்துச் சொந்தத்தை நெருங்கிய சொந்தம் என்று சொல்லிவிடும். மறுபக்கம், பூட்டனைப் பெற்ற தம்பதியைப் பொதுவாகக் கொண்ட சொந்தங்களில் பத்தில் ஒருவருக்குப் பொருத்தமே காட்டாமலும் போகும். ஒவ்வொரு தலைமுறையிலும் பாதி விடுபடுவதால் வரும் விளைவு அது. பொருத்தம் வரவில்லை என்பதால் சொந்தமில்லை என்று ஆகிவிடாது.

இன்னொன்றும் இருக்கிறது. டர்பன் பெண் சோதனை செய்தால் அவருக்கு யார் கிடைப்பார்கள்? வட ஆற்காட்டுக் கிராமத்தில் இருக்கும் பங்காளிகள் யாரும் எச்சிலைப் பிடித்து அனுப்பியிருக்கப் போவதில்லை. கிடைப்பவர்கள் ஃபிஜியிலும் மொரீஷியஸிலும் இங்கிலாந்திலும் இருப்பவர்கள். பஞ்ச காலத்தில் ஒரே ஊரிலிருந்து வெவ்வேறு ஆண்டுகளில் வெவ்வேறு கப்பல் ஏறிய அண்ணன் தங்கையின் வாரிசுகள், நூறு வருஷத்துக்கு அப்புறம் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ள முடிகிறது. ஊரைக் காட்டுவது காகிதம், சிதறிய உறவைக் காட்டுவது மரபணு. அதிலும் மைட்டோகாண்ட்ரியா மரபணு தாயிடமிருந்து மட்டுமே பிள்ளைகளுக்கு வருவது. எந்தப் பத்திரமும் எழுதாத அம்மா, அம்மாவின் அம்மா, அவருடைய அம்மா என்ற வரிசை, நம் ஒவ்வொருவரின் உடம்புக்குள்ளும் அறுபடாமல் இருக்கிறது. ஆனால் அதில் பெயர் இருக்காது. பெயருக்கு மனுஷரைத்தான் கேட்க வேண்டும்.

காகிதமே பொய்யாகிப் போனவர்களுக்கு மரபணு ஒன்றே வழி. 1970-களிலும் 80-களிலும் தமிழ்நாட்டிலிருந்து ஐரோப்பாவுக்குத் தத்துக் கொடுக்கப்பட்ட குழந்தைகள் இன்று நடுவயதுக்காரர்கள். பெற்ற தாயைத் தேடி வருகிறார்கள். சிலருடைய கோப்பில் தாயின் பெயர் இல்லை, சிலருடையதில் இருப்பது உண்மைப் பெயர் இல்லை. இந்தியத் தத்தெடுப்பு விதிமுறைகளில் வளர்ந்த பிள்ளைகள் தம் வேரைத் தேடுவதற்கு இடம் தரப்பட்டிருக்கிறது. அந்த உரிமையை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன். அதே சமயம் மறுமுனையில் இருக்கும் தாயையும் நினைக்கிறேன். பதினெட்டு வயதில் பிள்ளையைப் பிரிந்து, பிறகு கல்யாணமாகி, புருஷனிடமும் மக்களிடமும் அதைச் சொல்லாமலே வாழ்ந்து முடித்த ஒருத்தியின் வீட்டுக் கதவைக் காமிராவோடு போய்த் தட்டக் கூடாது. அவர் தனியாக இருக்கும் நேரத்தில், நம்பிக்கையான ஒரு பெண் மூலம், முதலில் அவர் சம்மதத்தைக் கேட்க வேண்டும். வேண்டாம் என்று சொன்னால் அதுவும் பதில்தான்.

சோதனைக்குக் கொடுக்கும் முன் இதையும் யோசியுங்கள். நீங்கள் கொடுப்பது உங்களுடையது மட்டுமல்ல, உங்கள் அண்ணனுடையதும் மகளுடையதும் சித்தப்பாவினுடையதும்தான். 23அண்ட்மீ நிறுவனத்தில் 2023-இல் நடந்த தகவல் திருட்டு சுமார் 69 லட்சம் பேரைத் தொட்டது. 2025 மார்ச்சில் அந்த நிறுவனம் திவால் மனு கொடுத்தபோது, சேர்த்து வைத்த மரபணுத் தகவல் யார் கைக்குப் போகும் என்று உலகமே கேட்டது. வீட்டாரிடம் பேசிவிட்டுச் செய்யுங்கள். எதிர்பாராத உண்மை ஒன்று வந்தால் அதைத் தாங்க முடியுமா என்று உங்களையே கேட்டுக்கொண்டு செய்யுங்கள்.

சாதிக் கட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் விட முடியவில்லை. கப்பல் பட்டியலில் அந்தக் கட்டத்தைப் பார்த்து மனம் உடைந்தவர்களும் உண்டு, நிமிர்ந்து உட்கார்ந்தவர்களும் உண்டு. டிப்போவில் வாயால் சொன்னது, குமாஸ்தா அவசரத்தில் எழுதியது, அவ்வளவுதான் அது. கப்பலேறும் முன் தன் சாதியை மாற்றிச் சொன்னவர்கள் இருந்தார்கள். அவர்கள் கடலைத் தாண்டியதே அதையும் சேர்த்து விட்டுவிடத்தான் என்று நான் நம்ப விரும்புகிறேன். நம் ஊரிலும் இப்போது குல வரலாறு எழுதுவதாகச் சொல்லி ஆண்ட பெருமை பேசும் புத்தகங்கள் பெருகிவிட்டன. மரபணுவைக் காட்டியும் தூய்மை பேசுகிறார்கள். ஹைதராபாத் உயிரணு மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தின் விஞ்ஞானிகளும் ஹார்வர்டு விஞ்ஞானிகளும் 2013-இல் வெளியிட்ட ஆய்வு, இந்தியாவின் ஏறத்தாழ எல்லாக் குழுக்களின் முன்னோரும் சுமார் 4,200 முதல் 1,900 ஆண்டுகளுக்கு முன்பு வரை ஒருவரோடு ஒருவர் கலந்திருந்ததைக் காட்டியது. சுவர் எழுந்தது அதற்குப் பிறகுதான். உங்கள் தேடலில் யாரைக் கண்டாலும், அவர் என்ன வேலை செய்தார், எந்தப் பஞ்சத்தில் பிழைத்தார், யாரை நம்பி ஊரை விட்டார் என்று கேளுங்கள். மனிதர் கிடைப்பார்.

இனி ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் எண்பதைத் தாண்டிய யாராவது இருந்தால், இந்த விடுமுறையில் ஒரு மத்தியானம் அவரோடு உட்காருங்கள். தாத்தாக்களைப் பற்றிப் பிறகு கேட்கலாம், எங்கேயாவது எழுதியிருக்கும். பாட்டியைப் பற்றி முதலில் கேளுங்கள். எந்த ஊரிலிருந்து வாக்கப்பட்டு வந்தார், அவரோடு பிறந்தவர்கள் எத்தனை பேர், அவர் அம்மா பெயர் என்ன, அவர் வீட்டுச் சாமி எது, பிரசவத்துக்கு எந்த ஊருக்குப் போனார். போனில் பதிவு செய்யுங்கள், ஆனால் அன்றே ஒரு நோட்டிலும் எழுதுங்கள். போன் மாறும், நோட்டு இருக்கும். அவர் சொல்லத் தயங்குவதை வற்புறுத்த வேண்டாம்.

அடுத்த இதழிலிருந்து இதற்காக இரண்டு பக்கங்களை ஒதுக்குகிறோம். ஒரு பக்கத்தில் நீங்கள் கண்டுபிடித்த பாட்டிகளின் பெயரும் பிறந்த ஊரும் வரும். மற்றொரு பக்கத்தில் கடல் கடந்த வாசகர்கள் தேடும் ஊர்களின் பெயர்கள், ஜில்லா தாலுகாவோடு, பட்டியலில் இருக்கிற எழுத்திலேயே வரும். வேலூர், திருவண்ணாமலை, விழுப்புரம், சேலம், தஞ்சைப் பக்கத்து வாசகர்கள் அதைக் கொஞ்சம் நின்று படிக்க வேண்டும். ‘இது எங்கள் ஊருக்குப் பக்கத்து ஊர்’ என்று உங்களில் ஒருவர் எழுதினால் போதும். டர்பன் பெண்ணின் பூட்டி ஊர்தான் அந்தப் பட்டியலில் முதலாவது. தேடுபவர்களின் முகவரியை நாங்கள் அச்சிட மாட்டோம், பதில்களை நாங்களே சேர்த்து அனுப்பிவைப்போம்.

கடித உறையின் மேல் ‘பிறந்த ஊர்’ என்று குறிப்பிடுங்கள். பத்திரமோ ஜாதகமோ மொய் நோட்டோ எதுவானாலும் நகல் மட்டும் அனுப்புங்கள், மூலத்தை யாருக்கும் தபாலில் அனுப்ப வேண்டாம். உயிரோடு இருப்பவர்களின் பெயரை எழுதும் முன் அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்